மீனு வீட்டு டெலிபோன்

நல்லது செய்த தன்னை நாலு பேர் முன்னால் வைத்துக் கேவலப்படுத்தினாள் என்று லீலா மாமி மேல் துரைசாமிக்குப் பல வருஷக் கோபம். வடக்கே, நிக்டி ஊர்த் தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில்தான் அது நடந்தது. "துரைசாமி, இனிமே நீ ஒருத்தருக்கும் மெசேஜ் அனுப்பவேண்டாம். டெம்போவை ஓட்டு, போதும்" என்றுவிட்டாள். அதோடு அவள் வீட்டுப் பக்கமே அவன் போகவில்லை.

மாமி வங்கி குமாஸ்தாவின் மனைவி. தமிழ்க் குடும்பத்தில் யாருக்காவது ஆபரேஷன் என்றால், உதவி கேட்டு எஸ்.எம்.எஸ். அனுப்புவது அவள்தான். அதற்கு அவளிடம் சட்டங்கள் இருந்தன. நோயாளி வீட்டில் சம்மதம் வாங்குவாள். அனுப்பலாம் என்று முன்பே சொன்னவர்களுக்கு மட்டும் அனுப்புவாள். தேதி போடுவாள், தன் நம்பரைத்தான் கொடுப்பாள். காரியம் முடிந்ததும் 'போதும்' என்று இன்னொரு செய்தி போகும். "கையேந்தறது நான், அவா இல்லை" என்பாள்.

ரஞ்சன்காவ் பாக்டரியில் லேத் ஓட்டிய சேஷுவுக்குக் கிட்னி கெட்டபோது, துரைசாமிக்கு இதெல்லாம் வெட்டி வேலையாகப் பட்டது. சிநேகிதன் சாகக் கிடக்கிறான், தேதி ஒரு கேடா? ஜனங்கள் நம்பட்டும் என்று சேஷு வீட்டு நம்பரையே போட்டான். 'பத்துப் பேருக்கு அனுப்புங்கள்' என்று சேர்த்து, போனில் இருந்த அத்தனை பேருக்கும் தட்டிவிட்டான். உதவி வந்தது. சேஷு பிழைக்கவில்லை. அதற்கு அடுத்த பொங்கலில்தான் மாமி அவனை அப்படிச் சொன்னாள்.

வருஷங்கள் கழித்து ஒரு சாயங்காலம், தையல் வேலை செய்யும் சேஷுவின் மனைவி மீனுவுக்குத் துணி மூட்டையை இறக்க துரைசாமி போனான். அங்கே போன் பக்கத்து ஸ்டூலில் லீலா மாமி. மணி அடித்தது. மாமி எடுத்தாள்.

"நஹீ பாயி, வோ நஹீ ரஹே. மெசேஜ் புரானா ஹை." அவர் இப்போது இல்லை, மெசேஜ் பழசு என்று இந்தியில் சொல்லி வைத்தாள்.

துரைசாமி மீனுவைப் பார்த்தான்.

"நீங்க அனுப்பினதுதான்ணே, இன்னும் சுத்துது. 'சார் எப்படி இருக்கார்'னு கேக்கறாங்க. நம்பரை மாத்தினா தையல் ஆர்டர் போயிடும். ஒவ்வொரு தடவையும் அவர் செத்துட்டார்னு என் வாயால சொல்ல முடியல. அதான் மாமி வந்து உக்காந்துக்கறாங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"மாமிதான் வேண்டாம்னாங்க. முரடன், ஆனா தாங்கமாட்டான்னாங்க."

போட்ட டீயைக் குடிக்காமல் இறங்கிப் போனான். அன்றிலிருந்து எங்கே போன் அடித்தாலும் அவன் தள்ளிப் போய்விடுவான்.

அந்த மழைக்காலத்தில் மாமி நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். துரைசாமி கட்டில் ஓரத்தில் போய் நின்றான்.

"என்னடா, கடன்காரனாட்டம் முறைச்சிண்டு நிக்கறே?"

"மாமி, செலவுக்கு வேணும்னா நான் எல்லாருக்கும் ஒரு மெசேஜ்..."

"அடப்பாவி, மறுபடியுமா!" மாமி சிரித்தாள், இருமல் வந்தது. அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது.

மூச்சு திரும்பியதும் அவன் கையைப் பிடித்தாள்.

"மீனு தனியா இருப்பா. இப்பவே கிளம்பு. மணி அடிச்சா அவளை எடுக்க விடாதே. நீ எடு. சேஷு போயிட்டான்னு நீ சொல்லு."