பொணம் மெல்லாது

எங்கள் பக்கத்தில் யாருக்கும் நெஞ்சு வலிப்பதில்லை. கேஸ் பிடித்துக்கொள்கிறது. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரைக்கும் எந்த ஊருக்குள் ஆம்புலன்ஸைத் திருப்பினாலும், போன் போட்ட வீட்டு வாசலில் ஒரு காலி சோடா பாட்டில் எனக்கு முன்பாகவே வந்து நின்றுகொண்டிருக்கும். ஏப்பம் வந்துச்சா, ஏப்பம் வந்துச்சா என்று தெருவே கேட்டிருக்கும். வந்துவிட்டால் போன் போட்டதற்கு வெட்கப்படுவார்கள். வராவிட்டால் இன்னொரு சோடா, ஒரு கை ஓமம், தெருக்கோடி வரை ஒரு நடை. அந்த நடைதான் எனக்குப் பொறுக்காது. ரத்தம் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருக்கும் இதயத்தை எழுப்பி உலாத்தவிடுகிறார்கள். ஏப்பத்தோடு எனக்குப் பகை. இந்த வண்டியின் பின்கட்டில் ஏறிய நாளிலிருந்து இருக்கும் பகை, தலை நரைத்தும் ஆறவில்லை.

நான் வியர்வையைத்தான் முதலில் பார்ப்பேன். வெயில் வியர்வை நெற்றியில் தொடங்கி வழியும், தொட்டால் சுடும். இது எங்கிருந்தென்று இல்லாமல் உடம்பு முழுக்க ஊறும், பானையின் வெளிப்புறம் போலச் சில்லென்று இருக்கும். ஆண்கள் முஷ்டியால் நெஞ்சை அழுத்திக் காட்டுவார்கள். பெண்கள் பல சமயம் நெஞ்சைக் காட்டவே மாட்டார்கள். முதுகு என்பார்கள். தாடையைத் தடவித் தவடை என்பார்கள். வாந்தி, அசதி, ஒண்ணும் இல்ல, நீ போய் வேலையைப் பாரு என்பார்கள்.

அந்தப் பங்குனி மதியத்தில் வந்த அழைப்பும் வாந்தி மயக்கம் என்றுதான் வந்தது. பிரம்மதேசம் தாண்டி உள்ளே ஒரு ஊர். வண்டி ஓட்டுகிறவர் என் வயதுக்காரர். எனக்கென்று போட்டிருக்கும் சீட்டில் நான் உட்கார்ந்து அவர் பார்த்ததில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேதான் வருவேன். "மேடத்துக்கு சீட்டைக் கழட்டிட்டு இன்னும் நாலு கம்பி போட்டுக் குடுக்கச் சொல்லணும்" என்று அன்றைக்கும் சொன்னார். நிலக்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம், அதைப் பிடுங்கும் பருவம். வழியெல்லாம் வேர்மண் வாசனை.

அந்த வீட்டு வாசலில் செடி குவித்துப் பெண்கள் காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். வீட்டுக்காரர் மூட்டை ஏற்றிக்கொண்டு திண்டிவனம் மார்க்கெட் கமிட்டிக்கு விற்கப் போயிருந்தார். அவர் மனைவி உள்ளே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். ஐம்பதைத் தாண்டியவள், வெயிலில் இறுகிய உடம்பு. பக்கத்தில் அவளுடைய நாத்தனார், வீட்டுக்காரருக்கு மூத்தவள், சோடா பாட்டிலோடு. காலையிலிருந்து தவடை இழுக்கிறதாம். பல் என்று நினைத்துக் கிராம்பு வைத்திருக்கிறார்கள். அப்புறம் வாந்தி. ஏப்பம் மட்டும் வரவில்லையாம்.

நிழலில் உட்கார்ந்திருந்தவளின் ரவிக்கை தொப்பலாக நனைந்திருந்தது. மணிக்கட்டைத் தொட்டேன். பானை.

ஒயர்களை ஒட்டி மானிட்டரைப் பார்த்தேன். இறங்கி வரவேண்டிய கோடு இறங்காமல் மேட்டிலேயே நின்றது. போனில் இருந்த டாக்டரிடம் சொன்னதும் நேரே விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்கே கொண்டு வரச் சொன்னார். ஆஸ்பிரின் மாத்திரையை மென்று தின்னச் செய்துவிட்டுக் கிளம்பச் சொன்னார். வயிற்றுப்புண் உண்டா, ரத்தமாக எதுவும் போனதுண்டா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். ஓட்டுநர் ஸ்ட்ரெச்சரை வாசற்படிவரை கொண்டுவந்துவிட்டார். காய் ஆய்ந்த கைகளெல்லாம் நின்றுவிட்டன.

நாத்தனார் எழுந்து வந்து வாசற்படியில் குறுக்கே நின்றாள்.

"படுக்க வெச்சு எடுத்துக்கினு போறதுக்கு இன்னும் நாள் இருக்குது. அவ நடந்து வந்து ஏறுவா."

இந்தப் பேச்சு எனக்குப் புதிதில்லை. சொந்த வீட்டு வாசலை ஆள் ஒருமுறைதான் படுத்துக்கொண்டு தாண்டவேண்டும். அதற்கு முன்னால் தாண்டினால் அந்த நாளைக் கூப்பிட்டு வைத்ததாக ஆகிவிடும். சரி, நாற்காலியாவது கொடுங்கள், உட்கார வைத்துத் தூக்குகிறோம் என்றேன். அதற்கு அவள் சிரித்துவிட்டாள். இந்த ஊரில் போய்ச்சேர்ந்தவர்களை நாற்காலியில் உட்கார வைத்துக் கட்டி, மாலை போட்டுத்தான் வாசலில் வைப்பார்களாம். உண்மைதான், நானே பார்த்திருக்கிறேன். படுப்பதையும் உட்காருவதையும் செத்தவர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். உயிரோடு இருப்பவர்களுக்கு நடை மட்டும்தான் மிச்சம்.

அந்த நடைக்காகச் சுவரில் சாய்ந்திருந்தவள் தரையில் கையூன்றினாள். "தோ இருக்குது வண்டி. வந்துடறேன் நர்சம்மா."

தோளைப் பிடித்து உட்கார வைத்தேன். "முடியாதுக்கா."

அடுத்தவர் வீட்டுக்குள் நின்று முடியாது என்று சொல்ல இவள் யார் என்பது அங்கிருந்த எல்லா முகத்திலும் தெரிந்தது. தெரியட்டும் என்று நின்றேன். பம்புசெட்டுக்குத் தண்ணி வரும் பைப்பிலேயே மண் அடைத்துக்கொண்டிருக்கிறது, நீங்கள் மோட்டாரை இன்னும் வேகமாக ஓடச் சொல்கிறீர்கள், உள்ளே சுற்றிய காயில் கம்பி கருகிவிடும் என்று சொல்லிப் பார்த்தேன்.

"மோட்டாருக்கு இன்னா," என்றாள் நாத்தனார். "அதுக்கு யாரு பொட்டு வெச்சு அனுப்பப் போறாங்க?"

வெளியில் யாரோ சிரித்தார்கள். எனக்கும் வேறு சமயமென்றால் சிரிப்பு வந்திருக்கும். தரையில் இருந்தவளுக்கு உதடு சாம்பலாகிக்கொண்டு வந்தது. மாத்திரை என் உள்ளங்கையில் இருந்தது, என் வியர்வையில் ஓரம் கரையத் தொடங்கியிருந்தது. அந்த மாத்திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"யக்கா, வாய்க்கரிசி போட்டா அது மெல்லுமா?"

இப்படிக் கேட்கக்கூடாது என்று எனக்கும் தெரியும்.

"இதை வாயில போட்டுக்கினு மெல்லுங்க. மென்னுக்கினே படுங்க, மென்னுக்கினே வெளிய போங்க. பொணம் மெல்லாது. தெருவே பார்க்கட்டும்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. நாத்தனாரைப் பார்த்தாள். இரண்டு பேரும் ஒரு வீட்டில் எத்தனை காலமாகவோ போட்டுக்கொண்ட சண்டையெல்லாம் அந்தப் பார்வையில் போய் வந்தது. பிறகு வாயைத் திறந்தாள். "இன்னாடி இது, இந்தப் புளிப்பு புளிக்குது" என்று மென்றபடியே என்னைத் திட்டினாள். நர்சம்மா வாடி போடி ஆகிவிட்டாள். நாத்தனாரின் கால் ஒன்று நகர்ந்தது, அப்புறம் இன்னொன்று. வலிக்கிற தவடையை ஆட்டி ஆட்டி மென்றுகொண்டு, தெருவையே முறைத்துக்கொண்டு, அவள் தன் வீட்டு வாசலைப் படுத்தபடி தாண்டினாள்.

நாத்தனாரும் வண்டியில் ஏறினாள். திண்டிவனம் பைபாஸ் ஏறி விழுப்புரம் பார்க்கத் திரும்பியபோதுகூடப் படுத்திருந்தவள் நன்றாகத்தான் இருந்தாள். குவியலை ஆடு மேய்ந்துவிடும், யாரையாவது பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் அண்ணி என்றாள். விக்கிரவாண்டிக்கு முன்னால் பேச்சு பாதியில் நின்றது. திரையில் கோடு குழந்தை கிறுக்கியது போல ஆனது. கண் மேலே செருகியது. தவடை அசையவில்லை.

வண்டியை ஓரம் கட்டச் சொல்லிக் கத்தினேன். நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் கோத்து அழுத்தினேன். எதிரே நாத்தனார். நான் சொன்னேனே என்ற முகம். சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை. படுத்துக்கொண்டு வந்தாள், படுத்துவிட்டாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் அழுத்தினேன். இல்லை. உன் வாசல் சொல்வது இல்லை, இந்த வெயில் சொல்வது இல்லை, இவள் ஆடு விரட்டப் போக வேண்டியவள், இல்லை. எலும்பு ஒன்று கைக்குக் கீழே நொறுங்கியது. நிறுத்தவில்லை. ஓட்டுநர் பின்னால் ஏறி மூக்கில் மாஸ்க்கை வைத்துக் காற்றை அமுக்கினார். பட்டைகளை ஒட்டினேன், தொடாதீங்க என்றேன், ஷாக் கொடுத்தேன். உடம்பு தூக்கிப்போட்டது. மறுபடி அழுத்தினேன். லாரிகள் எங்களை ஆட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தன.

கோடு தன் இடத்துக்கு வந்ததை நான் பார்க்கவில்லை. அவள் கை என் கையைத் தட்டிவிடப் பார்த்ததைத்தான் பார்த்தேன். அப்புறம் தவடை. மாத்திரைத் தூள் எதையோ தேடுவது போல, மெல்ல அசைந்தது. நாத்தனார் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். விழுப்புரம் போய்ச் சேரும்வரை வேறெதையும் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரிக் கதவு திறந்து அவளை உள்ளே வாங்கிக்கொண்டது. முழித்துக்கொண்டுதான் போனாள்.

மழை பிடிக்கிற மாதத்தில் அதே தெருவிலிருந்து மறுபடி ஒரு மதியம் அழைப்பு. இந்தமுறை நெஞ்சுவலி என்றே சொல்லியிருந்தார்கள். அந்த வார்த்தையைக் கேட்டதும் வழக்கத்தைவிட இறுக்கமாகக் கம்பியைப் பிடித்தேன். எதிர்வீட்டு மனிதர். தன் வீட்டுக் கூடத்தில் கயிற்றுக்கட்டிலில் தலையைத் தூக்கி வைத்துப் படுத்திருந்தார். வாசலில் சோடா பாட்டில் இல்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் இடுப்பில் கைவைத்து நின்றவளை முதலில் அடையாளம் தெரியவில்லை. பங்குனியில் என் கைக்குக் கீழே கிடந்தவள்தான், கொஞ்சம் இளைத்திருந்தாள். அந்த மனிதரின் இரண்டு கன்னமும் உப்பிக்கொண்டிருந்தன.

"நிறுத்தாத, மெல்லு. நர்சம்மா வர்ற வரிக்கும் மெல்லு" என்று அவரை அதட்டிக்கொண்டிருந்தாள்.

வாய் நிறைய அவித்த மல்லாட்டை. எனக்கு ரத்தம் கொதித்தது. மயங்கினால் மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும் என்று கத்தினேன். "மாத்திரையத்தான மெல்லச் சொன்னேன்? மல்லாட்டைய யாரு போடச் சொன்னது?"

"உங்கிட்ட மாத்திரை இருக்குது, நீ அதைக் குடுக்குற," என்றாள் அவள். "எங்கிட்ட மல்லாட்டைதான் இருக்குது."

விரலை விட்டு அத்தனையையும் தோண்டி எடுத்தேன். திட்டிக்கொண்டேதான் எடுத்தேன், அவளும் திட்டிக்கொண்டே கிண்ணத்தை நீட்டினாள். அவர் மணிக்கட்டு சில்லென்று இருந்தது. ஒயர், திரை, போன். அவர் எழுந்திருக்கப் பார்க்கவில்லை. நடந்து வரட்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. வாயைத் துடைத்துவிட்டு டாக்டர் சொன்ன மாத்திரையை நாக்கில் வைத்தேன்.

ஸ்ட்ரெச்சர் வாசலைத் தாண்டும்போது தெரு முழுக்க அவர் தவடையைப் பார்த்துக்கொண்டு நின்றது.