பிளவின் மேல் ஒட்டிய கண்ணாடி

லோயர் கேம்புக்கு மேலே தண்ணீர் கொண்டுபோக மலையைக் குடைந்துகொண்டிருந்தார்கள். அங்கே பாறை பார்ப்பது என் வேலை. "மார்க்கையன்கோட்டப் பொண்ணுக்கு நெல்லு தெரியும், கல்லு தெரியுமா?" என்று முதல் நாளே சிரித்தார்கள். தெரியும் என்றேன்.

உள்ளே ஓரிடத்தில் பாறைக்குக் குறுக்கே ஒரு பிளவு. இடையில் விரல் வழுக்கும் களிமண். குடையக் குடைய, மலையின் பாரத்தில் அது நழுவலாம். அதை அறிய மெல்லிய கண்ணாடித் துண்டைப் பிளவின் இரு கரையிலும் படும்படி சாந்து வைத்து ஒட்டினேன். பாறை மயிரிழை நகர்ந்தாலும் கண்ணாடி உடையும்.

மூன்று வாரம் கண்ணாடி முழுசாக இருந்தது. வாரம் ஒரு தாளில் 'அசைவு இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நான்காம் வாரம், என்றோ காய்ந்திருக்க வேண்டிய சாந்து ஈரமாக இருந்தது. துளை போடும் ஆட்களின் மேஸ்திரியைக் கேட்டேன்.

"ஒடஞ்ச கண்ணாடி ஆகாதுல்ல தாயி. சாமி கும்பிட்டு வேல ஆரம்பிக்கிற எடம். அதான் ஒடைய ஒடைய எடுத்துட்டுப் புதுசு ஒட்டிருவேன். இதோட நாலு."

எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் பாதி, என்மேல் பாதி. கண்ணாடி எதற்கு என்று அவரிடம் நான் சொன்னதே இல்லை. சொன்னால் புரியாது என்று நினைத்த மேதாவி நான்! அந்தப் பிளவுக்கு அடியில் மேஸ்திரியையும் சேர்த்துப் பதினோரு பேர் நின்று துளை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

எல்லோரையும் வெளியே வரச் சொன்னேன். என்ஜினியர் ஓடி வந்தார். "மூணு வாரமும் நீங்கதான மேடம் கையெழுத்து போட்டீங்க? இப்ப நிறுத்துனா உங்க வேலதான் போகும்."

போகட்டும் என்றேன். அவர் கண் முன்னாலேயே மூன்று தாளிலும் குறுக்கே கோடு போட்டேன். 'தவறு என்னுடையது. பாறை நகர்கிறது. பாறையைத் தாங்க இரும்பு வளைவு வைக்காமல் யாரும் வேலைக்கு இறங்கக் கூடாது' என்று எழுதி மறுபடி கையெழுத்திட்டேன். பிறகு சுரங்க வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

மேஸ்திரி பக்கத்தில் வந்து நின்றார். "அவுக என்ன வேணா சொல்லட்டும் தாயி. எங்காளுக உள்ள போகமாட்டாக."

மறுநாள் நானும் என்ஜினியரும் மேஸ்திரியும் மட்டும் டார்ச்சோடு போய்ப் பார்த்தோம். புதுக் கண்ணாடியும் இரண்டாக உடைந்திருந்தது. மேஸ்திரி, "இத எடுக்கவா, வேணாமா?" என்று கேட்டார்.

இரும்பு வளைவு வந்தது. என்னை வேறு இடத்துக்குத் தூக்கி அடித்தார்கள். கிளம்பும் நாளில் அந்த இரண்டு துண்டையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். இப்போது என் வீட்டுச் சாமி அலமாரியில் இருக்கின்றன. உடைந்த கண்ணாடி வீட்டுக்கு ஆகாது என்று வருகிறவர்கள் எல்லாம் சொல்கிறார்கள்.

எனக்கு ஆகும்.