எருக்கம்பாலும் பாகூர் ஏரியும்

காலாண்டு விடுமுறையில், 1976இல், பாகூர் ஏரியைப் பார்க்கப் போனேன். நம் வகுப்புக் கையெழுத்துப் பத்திரிகைக்கு எழுதத்தான் பயணம். ஆனால் இதில் ஏரி குறைவாகத்தான் இருக்கும்.

காலை ஏழு மணிக்கு வில்லியனூரில் பஸ் ஏறி, புதுச்சேரியில் மாறி, ஒன்பதே காலுக்குப் பாகூரில் இறங்கினேன். இரண்டு பஸ்ஸுக்கும் சேர்த்து எழுபத்தைந்து பைசா. அத்தை மகள் செல்வி காத்திருந்தாள். ஏழாவது படிக்கிறாள். ஏரிக்கரைக்கு அரை மணி நடை. (செருப்பு போட்டுப் போங்கள். செல்வி போடவில்லை.)

கரையில் அவள் குதிகாலில் முள் தைத்து முறிந்தது. மூலிகைப் புத்தகத்தில் படித்தது எனக்கு நினைவு வந்தது.

"எருக்கம்பால் வெச்சா முள்ளு தானா மேல வந்துடும்டி."

"டாக்டரம்மா, ஊசி போடாம வுட்டா சரி" என்று சிரித்தாள்.

எருக்கங்கிளையை ஒடித்துப் பாலை வைத்தேன். விரல் பிசுபிசுத்தது, பாவாடையில் துடைத்துக்கொண்டேன். அப்போது காற்றடித்து அவள் இடது கண்ணில் தூசி விழுந்தது. அதே விரல்களால் இமையை விரித்து ஊதினேன்.

கொஞ்சம் எரிந்தது, அடங்கிவிட்டது என்றாள். எதிரே ஏரி நிறையத் தண்ணீர். கண்ணைக் கழுவத் தோன்றவில்லை. மாலையில், "அக்கா, எல்லாம் பனி மூடுன மாதிரி கீது" என்றாள். எருக்கம்பால் கண்ணில் படக்கூடாது என்று புத்தகத்தின் அதே பக்கத்தில் போட்டிருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஆனாலும் அத்தையிடம், "தூசி விழுந்துச்சு" என்று மட்டும் சொன்னேன். அத்தை நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் ஒற்றினார்.

மறுநாள் பார்வை இன்னும் மங்கியது. எட்டு மணி பஸ்ஸில் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் கேட்டபோதும் அத்தை, "தூசிதான் சார்" என்றார். அப்புறம்தான் நான் உண்மையைச் சொன்னேன்.

"உடனே கழுவி, நேத்தே வந்திருக்கணும்" என்றார் டாக்டர்.

அத்தை என் பக்கம் திரும்பினார். "இன்னாடி, நான் அடிச்சுடுவேன்னா வாய மூடிக்கினு இருந்த?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

ஏரிக்குப் போகிறவர்களுக்கு: காலையிலேயே போங்கள், குடிக்கத் தண்ணீர் எடுத்துப் போங்கள். முள் தைத்தால் ஊசியைச் சுட்டு எடுக்கத் தெரிந்த பெரியவரிடம் காட்டுங்கள். எருக்கைத் தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். பால் கண்ணில் பட்டால் கசக்காமல், நல்ல தண்ணீரைக் கால் மணி நேரமாவது விட்டுக்கொண்டே இருந்து, நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பூவோ சாறோ வேண்டாம். என்ன பட்டது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நேற்று அத்தையிடமிருந்து கார்டு வந்தது. இடது கண்ணால் மட்டும் பார்த்தால், முதல் பெஞ்சில் உட்கார்ந்தால்தான் செல்விக்குப் போர்டு தெரிகிறதாம். போகப் போகத் தெளியலாம் என்று டாக்டர் சொன்னாராம். என்னைப் பற்றி ஒரு வரியும் இல்லை.