குளிர்பெட்டி கத்தாத ஞாயிற்றுக்கிழமை

பகலில் அவள் பள்ளியில் கணினி ஆசிரியை. மாலையில் சமையலறை மேசையில் மடிக்கணினியோடு உட்கார்ந்துவிடுவாள். பல ஊர்க்காரர்கள் சம்பளமில்லாமல் சேர்ந்து வெளியிடும் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் ஒரு தொகுப்பில், பைத்தான் மொழியில் எழுதிய பேக்கேஜ்கள், அதாவது குட்டி நிரல் பொட்டலங்கள், அவள் பொறுப்பு. ஒரு பேக்கேஜ் ஓட வேறு எவை வேண்டும், அவற்றில் எந்தப் பதிப்பு வேண்டும் என்று எழுதியவரே குறித்திருப்பார். பாதி நேரம் அது தப்பாக இருக்கும். அந்தச் சிக்கலை எடுப்பதால் குழுவில் அவளுக்கு முடிச்சக்கா என்று பெயர்.

"உனக்குக் கட்டி வச்சது என்னையா, இந்தப் பெட்டியையா?" என்பான் கணவன்.

அவன் ஆஸ்பத்திரி ரத்த வங்கியில் டெக்னீஷியன். குளிர்பெட்டியில் சூடு ஏறினால் மணியடிக்கும் நிரலை, அங்கிருந்த பழைய கணினியில் அந்த லினக்ஸ் தொகுப்பையே போட்டு அவள்தான் ஓட விட்டிருந்தாள்.

புது வெளியீடு நெருங்கியது. சூட்டை அளக்கும் சென்சாரைப் படிக்க அந்த மணி நிரலும் பயன்படுத்திய ஒரு பேக்கேஜ், இன்னொன்றின் மூன்றாம் பதிப்புக்குக் கீழேதான் வேண்டும் என்று அடம்பிடித்தது. தொகுப்பிலோ மூன்றாம் பதிப்பே வந்துவிட்டது. அவள் அந்த வரம்பை எடுத்துவிட்டாள்.

"எழுதினவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியாம்மா?" என்றார் குழுவில் மூத்தவர்.

"அவர் பதிலே போடறதில்ல சார். சோதனையெல்லாம் ஓடுது, விடுங்க."

வழக்கம்போல அவள் சொல்ல, கணவன் வங்கிக் கணினியில் அப்டேட் போட்டான்.

அடுத்த ஞாயிறு குளிர்பெட்டி பழுதானது. மணி அடிக்கவில்லை. திங்களன்று திறந்தபோது ரத்தப் பைகள் எல்லாம் வீண். அன்றே அங்கே பிரசவத்தில் ஒருத்திக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை; ஏற்ற ரத்தம் இல்லை. பக்கத்து ஊருக்குக் கொண்டுபோகும் வழியில் இறந்துவிட்டாள். குழந்தை பிழைத்தது.

"மணி அடிக்கவே இல்லன்னு தலையில அடிச்சுக்கிட்டுச் சொல்றேன், ஒருத்தனும் நம்பல" என்று கணவன் சுவரோரம் உட்கார்ந்தான்.

அவள் போய்க் கணினியைத் திறந்து பார்த்தாள். அந்த மூன்றாம் பதிப்பு சூட்டை எண்ணாகத் தராமல் எழுத்தாகத் தந்திருந்தது. அதை ஒப்பிட முடியாமல் மணி நிரல் அப்டேட் போட்ட அன்றே செத்துக் கிடந்தது. திரையில் மட்டும் கடைசியாகக் காட்டிய நான்கு டிகிரி அப்படியே நின்றிருந்தது. தினமும் அதைப் பார்த்துத்தான் அவன் நிம்மதியாக வீடு திரும்பியிருக்கிறான்.

"நான் எடுத்த வரம்புதாங்க காரணம்" என்றாள்.

அவன் நிமிரவில்லை. "டாக்டர்கிட்ட சொல்லு."

சொன்னாள். ரத்த வங்கிப் பொறுப்பு டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்டேட் போட்டது யாரு?"

"அவர்தான். நான் சொல்லித்தான்."

"அப்போ இன்னும் மோசம்மா. வீட்ல பேசி ஆஸ்பத்திரி மெஷின்ல கை வச்சிருக்கீங்க."

காப்பாற்றப் போனவளே அவன் வேலைக்கு உலை வைத்துவிட்டு வந்தாள். இப்போது அவன் பார்சல் வண்டி ஓட்டுகிறான். ஒருநாளும் அவளைக் குத்திக்காட்டவில்லை, கிண்டலும் செய்வதில்லை.

அவள் வரம்பைத் திரும்பப் போட்டு, நடந்ததைக் குழுவுக்கு எழுதினாள். உடனே கண்டுபிடித்ததற்குப் பலர் நன்றி சொன்னார்கள். அதற்கு மேல் படிக்க முடியாமல் மூடிவைத்தாள்.

ஒரு சாயங்காலம் நடந்ததைச் சொல்ல இறந்தவளின் வீட்டைத் தேடிப் போனாள். கொடியில் சின்னச் சின்னத் துணிகள் காய்ந்தன. தோளில் குழந்தையோடு ஒரு அம்மாள் வாசலுக்கு வந்தார்.

"யாரும்மா வேணும்?"

அவள் குழந்தையைப் பார்த்தாள்.

"வீடு மாறி வந்துட்டேன்மா" என்று திரும்பி நடந்தாள்.