மூன்று முறை கழுவிய கேன்

பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது எதையும் தூக்கிப் போட விடாத ஆள் நான். "இந்த ஊட்டுக் குப்பையிலயே பழசு நீங்கதானுங்க" என்பாள் என் மனைவி சரசு.

அந்த வருடம் பரணில் ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் கேன் ஒன்று கிடைத்தது. பருத்திக்கு அடித்த பூச்சிமருந்து தீர்ந்துபோன கேன்.

"ஏனுங்க, மருந்துக் கேனுங்க அது. வீசிப்போடுங்க."

"பிளாஸ்டிக்கு மண்ணுல மக்காது அம்மணி. களுவுனா தோட்டத்துக்குத் தண்ணி கொண்டுபோலாம்" என்று உபதேசம் செய்தேன்.

சோப்பு, சாம்பல், புளி போட்டு மூன்று முறை கழுவினேன். மோந்து பார்த்தேன், வாடையே இல்லை. இருபது வருடமாகப் பொடி போடும் மூக்கு அது என்பதை மறந்துவிட்டேன்.

மறுநாள் அதில் தண்ணீர் நிரப்பி இருவரும் தோட்டத்துக்குக் கொண்டுபோனோம். நான் மோட்டார் போடப் போயிருந்தபோது, வெயிலில் கிடந்த அந்தக் கேனிலிருந்து, என் பேச்சை நம்பி, சரசு தண்ணீர் குடித்திருக்கிறாள். திரும்பி வந்தபோது வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். வாயில் எச்சில் ஒழுகியது. "கண்ணு மங்குதுங்க" என்றாள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேனில் பெருந்துறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம்.

"எத்தன களுவுனாலும் பிளாஸ்டிக்குல மருந்து ஊறியிருக்குமுங்க. நீங்களும் குடிச்சீங்களா?" என்று கேட்டார் டாக்டர்.

"இல்லீங்க" என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

ஆறு நாள் கழித்துத்தான் சரசு எழுந்து உட்கார்ந்தாள்.

இப்போது மருந்து தீர்ந்ததுமே கேனைக் கடப்பாரையால் குத்தி ஓட்டை போட்டுவிடுகிறேன். வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை. சரசுவுக்குக் குடிக்க எதை நீட்டினாலும், முதல் மடக்கை அவள் முன்னால் நான் குடிக்கிறேன். வேண்டாமுங்க என்று அவள் இதுவரை சொன்னதில்லை.