டெய்லரின் வலது கை

படகுத்துறையில் அவரை எல்லோரும் டெய்லர் என்றுதான் கூப்பிடுவார்கள். துணி தைக்கத் தெரியாது. ஒரு சாண் நீள ரப்பர் மீனுக்குள் தூண்டில் முள்ளை நுழைத்து, முதுகின் நட்டநடுவில் வெளியே எடுக்கும் லாவகத்துக்காக வைத்த பெயர். முள் துளி விலகினாலும் ரப்பர் மீன் தண்ணீரில் பம்பரமாகச் சுற்றும். பெரிய மீன்கள் அதை நம்பி வாய்வைக்கும் அளவுக்கு மக்குகள் இல்லை.

அந்த வலது கைதான் ஆறு மாதமாக நடுங்குகிறது.

வெளியே தெரிந்தால், ஆசைக்குத் தூண்டில் போட வருகிறவர்களைப் படகில் கூட்டிப்போகும் வேலை போச்சு. இதற்கு முன்பிருந்தவரை, "கை நடுங்குறவன நம்பி எவன் படகுல ஏறுவான்?" என்று ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பியவர் முதலாளி. அதனால் ரப்பர் மீன்களையெல்லாம் சமையலறையிலேயே மனைவி முள்ளில் கோத்துக் கொடுத்துவிடுவாள். கடலில் இவர் தூண்டில் நரம்பின் நுனியிலுள்ள கிளிப்பில் மாட்டினால் போதும்.

"எட்டு போதுமாங்க?" என்றாள் அன்று காலை.

"தாராளம். மீனுக்கு விருந்தா வைக்கப்போறேன்?"

விருந்துதான் ஆகிப்போனது. கூர்ப்பல் மீன்கள் ரப்பர் வால்களைக் கடித்துத் துப்பின. பத்து மணிக்குள் எட்டும் காலி.

"அடுத்தத மாட்டுங்கண்ணே," என்றார் படகில் வந்திருந்தவர். கூடவே அவர் மனைவி. டெய்லர் புதுப் பாக்கெட்டைப் பிரித்தார். முள் முதலில் ரப்பரின் வயிற்றில் வந்தது. அடுத்து அவர் கட்டைவிரலில்.

"குடுங்கண்ணே, நான் கோத்துப் பாக்குறேன்," என்று அந்த அம்மா ஆசையாக வாங்கிக்கொண்டாள். இவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "முதுகுல கோடு இருக்கு பாருங்கம்மா, அதுக்கு நேரா" என்று வாயாலேயே சொல்லிக்கொடுத்தார்.

அதில்தான் மாட்டியது, கை நீள மீன்! தலையில் தட்டி அடக்கியதும், "தூக்கிப் பிடிங்கண்ணே!" என்று கணவர் போனை நீட்டினார். டெய்லர் மறுத்துப் பார்த்தார், அவர் விடவில்லை. போட்டோதானே, அதில் நடுக்கம் தெரியாது என்று செவுளில் வலது கையைவிட்டுத் தூக்கிச் சிரித்தார்.

"வீடியோ சூப்பர்ண்ணே! உங்க முதலாளிக்கும் அனுப்பிட்டேன்."

டெய்லர் போனை எட்டிப் பார்த்தார். மீன் செத்துத் தொங்கியது. அதன் வாயிலிருந்த ரப்பர் மீன் மட்டும் விடாமல் வாலாட்டி நீந்திக்கொண்டிருந்தது.

"அதுக்குள்ள பாத்துட்டாருண்ணே," என்றார் கணவர் சந்தோஷமாக.