தேங்காய்ப்பால் பிழிந்த கை

கல்முனையில் ஆசிரியைகளுக்கான பெட்மின்டன் இரட்டையர் இறுதிப் போட்டி நடந்த அன்று காலை, எங்கள் வீட்டில் கல்யாண விருந்துக்கு வட்டிலப்பம் என்ற இனிப்புச் செய்தோம். அதற்கான அத்தனை தேங்காயையும் துருவிப் பால் பிழிந்தது நான்தான். பிறகு குளித்து உடுத்திப் போட்டி மண்டபத்துக்குப் போனபோது எனக்குக் களைப்பே தெரியவில்லை. கால்கள் நன்றாக ஓடின. மூச்சும் வாங்கவில்லை.

ஆட்டம் தொடங்கியதும் என் சேர்விஸ் ஒவ்வொன்றாக வலையில் விழுந்தது. ஆத்திரத்தில் அடுத்து வந்த பந்தை ஓங்கி அடித்தேன். மட்டை கையிலிருந்து நழுவி, முன்னால் நின்ற என் ஜோடியின் காதை உரசிக்கொண்டு பறந்தது. அவர் என்னுடன் பிறந்த காக்காவின் மனைவி, என் மதினி. அந்த நேரம் அவர் திரும்பியிருந்தால் கண்ணே போயிருக்கும்.

மதினி மட்டையை எடுத்துத் தந்து, என் விரல்களைப் பிடித்துப் பார்த்தார். அவை நடுங்கிக்கொண்டிருந்தன.

“கை களைச்சுப் போய்ட்டு புள்ள. முன்னுக்கு வந்து மெல்லமாத் தட்டிப் போடுங்க. பின்னுக்கு நான் பாத்துக்கிறன்.”

“ஓம் மதினி.”

ஓங்கி அடிப்பதற்குத்தான் எனக்குப் பெயரே. ஆனாலும் அடக்கிக்கொண்டு வலையோரம் மெதுவாகத் தட்டினேன். எதிரணியினர் ஓடி வந்து உயரத் தூக்க, மதினி பின்னாலிருந்து அடித்து முடித்தார். வெற்றிக் கிண்ணம் எங்களுக்கே கிடைத்தது!

இப்போது போட்டி நாட்களில் நான் தேங்காய் துருவும் திருவலைப் பக்கமே போவதில்லை. தேங்காய்ப்பால் பிழிவது என் கணவர்தான். யாராவது சிரித்தால் அவரே பதில் சொல்வார்:

“அவட கைக்கு இண்டைக்கு வேற வேல கிடக்கு.”